விழுப்புரத்துப் பையனுக்கு யார் இருந்தார்கள்?

‘திறமை இருந்தால் சிபாரிசு எதற்கு? விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசனுக்கு சினிமாவில் யார் இருந்தார்கள்?’ என்று கேட்கிறார்கள். ஒருவர் இருந்தார். பி.ஏ.பெருமாள். ‘பராசக்தி’ படத்துக்குத் தயாரிப்பாளர் ஏவி.மெய்யப்பன் மனதில் வைத்திருந்தது கே.ஆர்.ராமசாமியை. படப்பிடிப்பு தொடங்கிய பிறகும், கணேசன் ஒல்லி, ஆளை மாற்றலாம் என்றே பேச்சு. பங்குத் தயாரிப்பாளரான பெருமாள் அசையவில்லை. படம் 1952 தீபாவளிக்கு வந்தது. அதே நடிகர், அதே குரல்தான். பெருமாள் ‘சரி’ என்று தலையாட்டியிருந்தால்? பொங்கல்தோறும் சிவாஜி வேலூருக்குப் போய் பெருமாளுக்குச் சீர் செய்தது சும்மாவா?

அடுத்த தலைமுறைகளுக்கு அந்தப் பதற்றம் இல்லை. 1982இல் அப்பாவுடனேயே ‘சங்கிலி’யில் பிரபு, 2012இல் ‘கும்கி’யில் விக்ரம் பிரபு. அவர்களுக்கு நடிக்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை (‘கும்கி’ எனக்குப் பிடித்த படம்). வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் தெருக்கூத்தில் விடியவிடியக் கட்டியங்காரன் வேஷம் கட்டி ஊரையே சிரிக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை கோடம்பாக்கத்துக்கு ரயிலேறினால், ‘ஒல்லி’ என்று தள்ளிவிடக்கூட ஆளிருக்காது. அதற்கும் முதலில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்க வேண்டுமே!