வீடியோ பாடம் நமக்காக நிற்க வேண்டும்



வீடியோ பாடம் போட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது என்று எல்லாரும் பாராட்டுகிறோம். அது புரிந்த அமைதியா, புரியாத அமைதியா என்பதுதான் என் கேள்வி. குழியாடிப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் வளைவு மையத்துக்கும் குவியத்துக்கும் நடுவில் இருந்தால் பிம்பம் வளைவு மையத்துக்கு அப்பால், தலைகீழாக, பெரிதாக விழும். திரையில் அழகாகக் காட்டுகிறார்கள். ஆனால் முதல் கதிரை நோட்டில் வரைந்து நிமிர்வதற்குள் இரண்டாவது கதிரும் போய், பிம்பமும் விழுந்து, அடுத்த படம் வந்துவிடுகிறது. "மிஸ், கொஞ்சம் நிறுத்துங்க" என்று முன் பெஞ்சில் இருப்பவர்கள் கேட்டுவிடுவார்கள். கடைசி பெஞ்சில் இருப்பவள் கேட்கமாட்டாள். கேட்டால் "உனக்கு மட்டும்தான் புரியலையாடி?" என்று பக்கத்தில் கிசுகிசுப்பார்கள். அதற்குப் பேசாமல் இருப்பதே மேல் என்று இருந்துவிடுவாள்.

2020-இல் கொரோனாவால் பள்ளி மூடியிருந்தபோது கல்வித் தொலைக்காட்சியில் பாடம் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அது 2019-இல் தொடங்கிய சேனல். ஒளிபரப்பை நாம் நிறுத்த முடியாது, கரண்ட் போனால் பாடமும் போச்சு. அதைக் குறை சொல்ல மாட்டேன், டிவி என்றால் அப்படித்தான். ஆனால் கணினியில் பதிந்து வைத்திருக்கிற வீடியோவையும் டிவி மாதிரியே ஏன் பார்க்க வேண்டும்?

ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நின்றுவிடுமே என்பீர்கள். நிற்கும். ஆனால் யாருக்குப் புரியாதபோது தட்டுகிறோம்? கீபோர்டு பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாதபோதுதான். (நம் வகுப்பில் கீபோர்டு பக்கத்தில் எப்போதும் யார் இருக்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) வீடியோ தானாகவே சரியான இடத்தில் நின்றால் யாரும் கையைத் தூக்கி வெட்கப்பட வேண்டாம். அதற்கு ஒரு சின்ன நிரல் போதும் என்பது என் கருத்து.

ஆரஞ்சுக் கூம்பு போட்ட வி.எல்.சி. பிளேயரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அது 1996-இல் பிரான்ஸ் நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. 2001-இலிருந்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம் என்று விட்டுவிட்டார்கள். அதன் உள்ளே பாட்டையும் படத்தையும் ஓட்டுகிற பகுதி தனியாக இருக்கிறது. நாம் பட்டனை அழுத்துவதற்குப் பதில், ஒரு பைத்தான் நிரல் அந்தப் பகுதிக்கு 'ஓடு', 'நில்', 'இந்த நேரத்துக்குப் போ' என்று கட்டளை கொடுக்கலாம். எங்கள் தெரு அக்காவுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த மடிக்கணினி இருக்கிறது. அதில்தான் இதைக் கற்றுக்கொண்டேன். நேரத்தை மில்லி வினாடியில் சொல்ல வேண்டும். 4 நிமிடம் 12 வினாடி என்றால் 2,52,000.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 'ஓடு' என்று சொன்னதும் படம் முடியும்வரை நிரல் காத்திருக்காது. தம்பியைப் பால் வாங்க அனுப்பிவிட்டு அம்மா அடுத்த வேலையைப் பார்ப்பது போல அது அடுத்த வரிக்குப் போய்விடும். அடுத்த வரியே இல்லையென்றால் நிரல் முடிந்துவிடும், படமும் அதோடு நின்றுவிடும். (அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு அறிவியலில் ஸ்கிராட்ச் வருகிறது. அதில் ஒலியைத் தொடங்கிவிட்டு உடனே நகர்வதற்கு ஒரு கட்டம், ஒலி முடியும்வரை காத்திருப்பதற்கு வேறொரு கட்டம் என்று இரண்டு இருக்கும். ஏன் இரண்டு என்று அப்போது யாரும் குழம்ப வேண்டாம்.)

அதனால் அரை வினாடிக்கு ஒரு தடவை 'இப்போ எங்கே ஓடிக்கிட்டிருக்கே?' என்று பிளேயரைக் கேட்டுக்கொண்டே இருக்கும்படி எழுத வேண்டும். 'சரியாக 2,52,000 ஆனால் நில்' என்று எழுதினால் பெரும்பாலும் நிற்காது. ஒரு தடவை கேட்கும்போது 2,51,800 ஆக இருக்கும், அடுத்த தடவை 2,52,300 ஆகியிருக்கும். 'அதைத் தொட்டாலோ தாண்டினாலோ நில்' என்று எழுத வேண்டும். நின்ற இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி ஓடவிட்டதும் அங்கேயே நின்று அடம் பிடிக்கும். வேகத்தையும் முக்கால் பங்காகக் குறைக்கலாம். பழைய டேப் ரிக்கார்டர் மாதிரி குரல் தடித்துப் போகாது, நிதானமாகப் பேசுவது போலத்தான் கேட்கும்.

நிரலை யாராவது ஒருவர் எழுதினால் போதும். எங்கே நிற்க வேண்டும் என்ற பட்டியல்தான் முக்கியம். அதைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒரு நேரமாக எழுதி வைத்தால் நிரல் படித்துக்கொள்ளும். அந்தப் பட்டியலை முதல் ரேங்க் வாங்குபவர்கள் எழுதக் கூடாது என்று நான் நினைக்கிறேன். அவர்களுக்கு எங்கேயும் நிற்க வேண்டியிருக்காது! புரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் எழுத வேண்டும், மிஸ் பார்த்துத் திருத்த வேண்டும். பத்து நிமிட வீடியோவுக்கு நாலைந்து இடத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் கைகாட்டிய இடத்திலெல்லாம் நிற்கிற டவுன் பஸ் ஆகிவிடும், பாடம் கீழ்பென்னாத்தூரைத் தாண்டாது.

ஒளி பாடத்துக்கு மூன்று இடம் குறித்து வைத்திருக்கிறேன். மீதிக்கு இந்தச் சுவரிதழ் பக்கத்தில் ஆணியில் ஒரு தாளும் பென்சிலும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பெயர் போட வேண்டாம், நேரத்தை மட்டும் எழுதுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி