பள்ளி மதிய உணவில் உள்ளூர்க் காய்கறி: ஒதுக்கப்படும் தொகையும் உங்கள் குழந்தையின் நலமும்

உங்கள் குழந்தைக்கு இரத்தச்சோகை இருப்பதாகக் கண்டறிந்த மருத்துவர், கீரை, பயறு, முட்டை ஆகியவற்றைத் தவறாமல் கொடுக்குமாறு அறிவுறுத்தியிருக்கலாம். ஆயினும், பள்ளி நாள்களில் அக்குழந்தையின் மதிய உணவு உங்கள் அடுக்களையில் ஆக்கப்படுவதில்லை. அவ்வுணவில் எவ்வளவு காய்கறி இடம்பெறும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அரசின் செலவு விதி. அதனை நீங்கள் அறிந்திருப்பது நன்று.

இந்தியாவில் பிரதமர் போஷன் திட்டத்தின்கீழ் உணவுதானியத்தை ஒன்றிய அரசு இந்திய உணவுக் கழகத்தின் வழியாக விலையின்றி வழங்குகிறது. பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் ஆகியவற்றுக்கெனத் தனித்தொகை உண்டு. 2025 மே 1 முதல், தொடக்க வகுப்புக் குழந்தை ஒருவருக்கு நாளொன்றுக்கு 6.78 ரூபாயும், 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 10.17 ரூபாயும் குறைந்தபட்ச அளவாகும். பெரும்பாலான மாநிலங்களில் இதனை ஒன்றிய, மாநில அரசுகள் 60:40 என்னும் விகிதத்தில் ஏற்கின்றன. விதிப்படி ஒரு குழந்தைக்குக் காய்கறி முறையே 50 கிராம், 75 கிராம் வழங்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவை நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வழியாகச் சத்துணவு மையங்களை வந்தடைகின்றன. காய்கறியை மட்டும் அமைப்பாளர் உணவூட்டுச் செலவினத்திலிருந்து அருகிலுள்ள சந்தையிலோ கடையிலோ வாங்குகிறார். ஆக, உள்ளூர் உழவரின் விளைச்சல் தட்டுக்கு வரும் வழி பெரும்பாலும் இந்தச் சிறு தொகை ஒன்றே.

அந்தத் தொகை விலைவாசிக்கு ஈடுகொடுக்கிறதா என்பதே சிக்கல். 2022 அக்டோபரில் தொடக்க வகுப்புகளுக்கு 5.45 ரூபாய் என ஒன்றிய அரசு நிர்ணயித்த அளவு, 2024 டிசம்பர் வரை மாறவில்லை. இடையில், 2023 கோடையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. எரிபொருளைக் குறைக்க இயலாது. பருப்புக்கு அளவு உண்டு. எனவே நெருக்கடி வரும்போது முதலில் மெலிவது குழம்பிலுள்ள காய்தான்.

பிரேசில் நாடு இதனை வேறு விதமாக அணுகியது. அங்கு 2009ஆம் ஆண்டின் சட்டம், பள்ளி உணவுக்கு நடுவண் அரசு தரும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறு குடும்ப உழவர்களிடம் நேரடியாக வாங்கச் செலவிட வேண்டும் என வகுத்தது. விலை முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால், மலிவான ஒப்பந்தப்புள்ளியோடு உழவர் போட்டியிட வேண்டியதில்லை. 2026 முதல் இப்பங்கு 45 விழுக்காடு. நமது திட்டமோ உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளையும் மகளிர் சுய உதவிக் குழுக்களையும் பள்ளிக் காய்கறித் தோட்டங்களையும் ஊக்குவிக்கிறது. ஆனால் இவ்வளவு என்று பங்கு எதனையும் வரையறுக்கவில்லை. ஊக்கம் வேறு, ஒதுக்கீடு வேறு.

உள்ளூரில் விளைந்தது என்பதாலேயே ஓர் உணவு சத்துமிக்கதாகிவிடாது என்பதையும் கூற வேண்டும். அன்று பறித்த கீரையில் வைட்டமின் சி இழப்பு குறைவு. வாங்கும் செலவும் பெரும்பாலும் குறைவு. எனினும் கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகவே ஏற்கும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றில் ஒன்றை உடன் சேர்த்தால் ஏற்பு கூடும். உணவுடன் தேநீர் அருந்தினால் குறையும்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை உள்ளது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோராகிய நீங்கள் வாரத்தில் எத்தனை நாள் கீரை சமைக்கப்படுகிறது, காய்கறி எங்கே வாங்கப்படுகிறது என்று கேட்கலாம். அமைப்பாளரைக் குறைகூறும் தொனியில் கேட்க வேண்டாம். தொகையை அவர் நிர்ணயிப்பதில்லை. குழந்தைக்குச் சிறுநீரக நோய், நீரிழிவு, உணவு ஒவ்வாமை ஆகியவற்றில் ஏதேனும் இருப்பின், மருத்துவரின் உணவுக் குறிப்பைத் தலைமை ஆசிரியரிடம் எழுத்து வடிவில் அளியுங்கள். பள்ளி உணவு மேம்பட்டது என்று கருதி, மருத்துவர் தந்த இரும்புச்சத்து மருந்தை நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம்.