மலம் என்ன நிறம் என்று நீங்கள் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய குழந்தைநல மருத்துவர் அவர்களுக்கு,

என் மகளை முதலில் உங்களிடம் தூக்கி வந்தது அவள் பிறந்த 18-ஆம் நாள். கண்ணில் மஞ்சள் இறங்கவில்லை என்றேன். "சகஜம்தாம்மா, காலை வெயில்ல காட்டுங்க" என்றீர்கள். காட்டினேன். 35-ஆம் நாள் மறுபடி வந்தோம். எடை ஏறியிருக்கிறது, தாய்ப்பாலால் வரும் மஞ்சள்தான், பயப்படாதீர்கள் என்று அனுப்பிவிட்டீர்கள்.

வீட்டில் துணி அலசியது என் அம்மா. மூத்திரத் துணியில் மஞ்சள் கறை, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. மலமோ அரைத்த மாவுபோல வெளுத்துக் கிடக்கும். "பால் குடிக்கிற பிள்ளைக்கு இப்படிப் போகாதுடி" என்றார். அதை உங்களிடம் சொல்ல எனக்குக் கூச்சம். நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிரூபினின் மொத்த அளவை மட்டும் பார்த்தீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால் நேரடி பிலிரூபினைத் தனியாகப் பார்க்க வேண்டுமாம். அது கூடியிருந்தால் கல்லீரலில் பித்தம் தேங்குகிறது என்று அர்த்தம். வெயிலுக்கு அது இறங்காது. 79-ஆம் நாள் வேறோர் ஊர் மருத்துவர்தான் இதை எனக்குச் சொன்னார். பித்தநாள அடைப்பு. பித்தம் குடலுக்கு வராததால்தான் மலம் வெளுத்திருக்கிறது. 84-ஆம் நாள் கசாய் அறுவை சிகிச்சை. அடைபட்ட நாளத்தை எடுத்துவிட்டுச் சிறுகுடலையே கல்லீரலோடு சேர்த்துத் தைத்தார்கள். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950-களில் கண்ட வழி அது. 60 நாளுக்குள் செய்தால் பித்தம் வடியும் வாய்ப்பு அதிகம். என் மகளுக்கு வடியவில்லை. இனி மாற்றுக் கல்லீரல்தான்.

1998-இல் இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்றப்பட்ட குழந்தை, காஞ்சிபுரத்துப் பிள்ளை. இதே நோய்தான். கல்லீரல் தந்தது அப்பா. அந்தப் பிள்ளை வளர்ந்து மருத்துவராகிவிட்டார். என் கணவருக்குப் பரிசோதனைகள் நடக்கும் இந்த நாட்களில் அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் நான் தூங்கப் போகிறேன்.

அபூர்வ நோய் என்று பிறகு சொன்னீர்கள். பல ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது, உண்மை. ஆனால் மலத்தின் நிறம் பார்க்க எந்த இயந்திரமும் வேண்டாமே, ஐயா! தைவானில் 2004 முதல் நாடு முழுக்கத் தாய்மார்கள் கையில் மலநிற அட்டை இருக்கிறது. அங்கே 60 நாளுக்குள் அறுவைக்கு வந்து சேரும் குழந்தைகள் கூடினார்கள். ஜப்பானும் 2012-இல் அதைத் தாய் சேய் கையேட்டில் சேர்த்துவிட்டது.

உங்கள் மேசையில் அப்படி ஓர் அட்டை வையுங்கள். மஞ்சள் கண்ணோடு ஒரு குழந்தை வந்தால், அதன் தாயிடம் முதலில் மலம் என்ன நிறம் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்