கேதீச்சரத்து இலிங்கமும் மேடைக் குறியீடுகளும்

தெய்வத் திருவுருவங்களுக்குக் குறியீட்டு விளக்கம் கூறுதல் இன்று மேடைப் பேச்சாளர்க்கு எளிதான தொழிலாகிவிட்டது. விநாயகரின் பெருஞ்செவி நிரம்பக் கேட்டலையும் சிறுகண் கூர்ந்து நோக்கலையும் குறிக்கும் என்பர். இலிங்கம் அணுவின் வடிவம் என்பர். நடராசரின் ஆடல் துகள்களின் இயக்கமே என்பர். அவையோர் கைதட்டுவர். இவ்விளக்கங்கள் எதனை வெளிப்படுத்துகின்றன, எதனை மறைக்கின்றன என்னும் வினா மட்டும் எழுவதில்லை. அவ்வினாவை எழுப்புதற்கு மன்னார்க் கரையிலுள்ள திருக்கேதீச்சரம் மிகப் பொருத்தமான இடமாகும்.

உருவத்துக்குப் பொருளுரைத்தல் சைவத்துக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் மனவாசகங்கடந்தார் இயற்றிய உண்மை விளக்கம், நடராசரின் துடியையும் தீயையும் ஊன்றிய திருவடியையும் தூக்கிய திருவடியையும் ஐந்தொழிலோடு இயைத்துக் காட்டியது. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1918ஆம் ஆண்டு வெளிவந்த தமது 'சிவ நடனம்' என்னும் நூலில் இம்மரபை உலகறியச் செய்தார். 1975இல் பிரிட்ஜொஃப் காப்ராவின் நூல் அவ்வாடலைப் பௌதிகவியலோடு ஒப்பிட்டது. 2004இல் ஜெனீவாவிலுள்ள அணுத்துகள் ஆய்வு நிலையத்தில் நடராசர் சிலை நிறுவப்பட்டது. முந்தைய விளக்கம் உயிர் உய்யும் வழியைக் கூறிற்று. இன்றைய மேடை விளக்கமோ விஞ்ஞானத்திடம் நற்சான்று வேண்டி நிற்கின்றது. விஞ்ஞானக் கொள்கை மாறுந்தோறும் கடவுளின் பொருளும் மாறவேண்டும் என்பதை அதனைக் கூறுவோர் சிந்திப்பதில்லை.

கேது வழிபட்டமையாற் கேதீச்சரம் எனப் பெயர் வந்தது என்பது தலமரபு. அக்கேதுவின் வரலாறே இத்தகையோர்க்குத் தக்க விடையாகும். வேத மொழியிற் கேது என்பது ஒளி, அடையாளம், கொடி எனப் பொருள்பட்டது. பின்னர் வால்வெள்ளியைக் குறித்தது. அதன்பின் கிரகணத்தோடு தொடர்புற்ற நிழற்கோளாயிற்று. புராணத்தில் தலையிழந்த அசுரனின் உடலாயிற்று. "முன்னோர் கிரகண விஞ்ஞானத்தையே பாம்புருவிற் பொதிந்து வைத்தனர்" என்பது மேடை வாதம். ஆனால், கிரகணம் புவியினதும் சந்திரனதும் நிழலால் நிகழ்வது என்பதை 499இலேயே ஆரியபட்டர் வெளிப்படையாக எழுதிவிட்டார். அதனைக் கூற அவருக்குப் பாம்பு தேவைப்படவில்லை. கணிதமும் புராணமும் தத்தம் வழியில் அருகருகே வளர்ந்தன. உருவத்தின் பொருள் ஒருநாளில் ஒருவர் பூட்டிவைத்த இரகசியமன்று. காலந்தோறும் மக்கள் ஏற்றி வந்ததே அது.

இனி இலிங்கத்தை நோக்குவோம். சைவ சித்தாந்தம் அதனை அருவுருவத் திருமேனி என்கின்றது. முகமும் அவயவமும் இல்லாதது. ஆதலின் குலமும் நிறமும் கடந்தது எனப் பேச்சாளர் விரித்துரைப்பர். விளக்கம் அழகியதே. ஆயின் அதே விளக்கம் ஓதப்பட்ட யாழ்ப்பாணத்தில், சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிப் பதினோராண்டு கழிந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்நுழையும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. தத்துவம் கதவைத் திறக்கவில்லை. குலங்கடந்த பொருளைப் பேசிக்கொண்டே குலம் பார்த்துக் கதவடைக்க முடியும் என்பதை அந்நிகழ்வு மெய்ப்பித்தது.

இதற்கு மாறான விளக்கமொன்று பாலாவிக் கரையில் உண்டு. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலம் போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்தது. 1872இல் ஆறுமுக நாவலர் அதன் மீட்சிக்குக் குரலெழுப்பினார். 1894இல் மண்ணுள்ளிருந்து பழைய இலிங்கம் வெளிப்பட்டது. 1948இல் திருப்பணிச் சபை தோன்றியது. 1976இலும் 2022இலும் குடமுழுக்கு நடைபெற்றது. இங்கே சிவராத்திரியன்று அடியார்கள் பாலாவித் தீர்த்தத்தைக் குடங்களில் ஏந்திச் சென்று, தம் கையாலேயே மகாலிங்கத்துக்கு நீராட்டுகின்றனர். அக்கணத்தில் இறைவனுக்கும் அடியார்க்கும் இடையே குருக்களுமில்லை, விளக்கவுரையாளருமில்லை. அருவுருவம் என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிந்த உரை வேண்டுவதில்லை. ஆண்டில் ஒருநாள் நிகழும் இது எல்லாத் தடைகளையும் நீக்கிவிட்டது எனல் மிகைக்கூற்றாகும். ஆயினும் பொருள் எங்கே பிறக்கின்றது என்பதை இது காட்டிவிடுகின்றது.

விளக்கம் இல்லையேல் இளைஞர் ஏளனஞ் செய்வர், பிறமதத்தார் இகழ்வர் என்பது எதிர்வாதம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிசனரிமாரின் கண்டனங்களுக்கு விடையிறுக்க வேண்டியிருந்தமை உண்மையே. ஆனால் அன்றைய தற்காப்பு இன்றைய அறிவாராய்ச்சி ஆகாது. உருவங்களின் வரலாற்றை மறையாது கூறினால் இளைஞர் ஏளனஞ் செய்யார்; மேடையில் ஒன்றும் வாயிலில் வேறொன்றும் கண்டாலே ஏளனஞ் செய்வர்.

ஆதலின் இனிக் குறியீடு கூற மேடையேறுவோரிடம் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: 'இப்பொருளை ஏற்றுக்கொண்டால் உங்கள் ஊர்க் கோயிலில் எக்கதவு திறக்கப்படும்?' விடை கூறவியலாத விளக்கம் எத்துணை நயமுடையதாயினும் வெறும் சொல்லலங்காரமே.