மின்சார மோட்டார் வண்டியின் வரவு செலவு

புகை கக்காத ஒரே காரணத்தால் மின்சார மோட்டார் வண்டி சுற்றுப்புறத்துக்கு முற்றிலும் தீங்கற்றது என்று கொள்வாரும் உளர். அதன் புகை ஊருக்கு வெளியே மின்சார நிலையத்துப் புகைபோக்கி வழியாய் வெளிப்படுகிறதேயன்றி மறைந்துவிடவில்லை என்று மறுப்பாரும் உளர். இரு திறத்தாரும் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே காண்கின்றனர். களத்தில் கண்டுமுதலை அளந்துவிட்டு, விதை, எரு, நீர், ஆள்கூலி ஆகியவற்றைக் கழிக்காமல் லாபம் கூறும் குடியானவர் எவருமிலர். வண்டியின் விஷயத்திலும், உலோகம் சுரங்கத்தினின்று வெளிவருவது முதல் வண்டி பழைய இரும்புக் கடையைச் சேர்வது வரையுள்ள வரவு செலவு முழுவதையும் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுதல் தகும்.

இது நகரவாசிகளுக்கே உரிய விஷயமென்று கிராமத்தார் ஒதுக்கிவிடலாகாது. வண்டி எதனால் ஓட வேண்டும் என்ற கேள்விக்கு விடையாகக் கரும்பு வயலும் மக்காச்சோளக் காடும் கிணற்று நீரும் கேட்கப்படும் காலம் இது.

முதலில் பெட்ரோல் வண்டியின் கணக்கைப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. எண்ணெயைத் தோண்டி எடுத்து, சுத்தி செய்து, கப்பலிலும் லாரியிலும் கொண்டுவரும் செலவையும் சேர்த்தால் உத்தேசமாய் 2.8 கிலோ ஆகும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், கிலோமீட்டர் ஒன்றுக்குச் சுமார் 185 கிராம் வாயுவை வெளியிடுகிறதென்று கொள்ளலாம்.

மின்சாரக் காரின் எஞ்சினில் எதுவும் எரிவதில்லை. பெட்ரோல் எஞ்சின் தான் உண்ணும் சக்தியில் நாலில் ஒரு பங்கையே சக்கரத்துக்குக் கொடுத்து, மற்றதை வெப்பமாய் வீணாக்குகிறது. மின்சார மோட்டாரோ பத்தில் எட்டு ஒன்பது பங்கைச் சக்கரத்துக்கு அளிக்கவல்லது. எனினும் இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்றும் நிலக்கரியினின்றே வருகிறது. மின்கம்பியில் நேரும் நஷ்டமும், பாட்டரியில் ஏற்றும்போது நேரும் நஷ்டமும் சேர, ஒரு யூனிட்டுக்கு 900 கிராமுக்குக் குறையாத வாயு கணக்கில் ஏறும். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும் காருக்கு இது கிலோமீட்டருக்குச் சுமார் 130 கிராம். ஆக, நிலக்கரி மிகுந்த மின்சாரத்தில் ஓடினும், பெட்ரோல் காரைவிடக் கிலோமீட்டருக்கு 55 கிராம் மிச்சமாகிறது. தெருவில் நடப்போர் சுவாசிக்கும் புகையும் நீங்குகிறது. ஆனால் டயர் தேய்ந்து எழும் தூசி நீங்குவதில்லை. பாட்டரியின் பாரத்தால் அது சற்று மிகவும் கூடும்.

இந்த மிச்சத்துக்கு எதிராகக் கழிக்க வேண்டிய பெருஞ்செலவு பாட்டரியே. சிலி தேசத்தின் அட்டகாமா பாலைவனத்தில் நிலத்தடி உப்புநீரை இறைத்து, உப்பளம்போல் பாத்திகளில் காயவைத்து லித்தியம் எடுக்கின்றனர். மழை அரிதாகிய அந்நாட்டில் அந்நீரைப் பற்றிய வழக்கு ஓய்ந்தபாடில்லை. உலகத்துக் கோபால்ட்டில் பாதிக்கு மேற்பட்டது காங்கோ தேசத்துச் சுரங்கங்களினின்று வருகிறது. அவற்றுட் சிலவற்றில் சிறுவரும் கைக்கருவி கொண்டு தோண்டுகின்றனர். கோபால்ட் வேண்டாத இரும்பு-பாஸ்பேட் வகைப் பாட்டரி இப்போது பெருகி வருவது ஓர் ஆறுதல். பாட்டரி செய்வதில் வெளிப்படும் வாயு, அதன் கொள்ளளவில் யூனிட் ஒன்றுக்கு 60 முதல் 100 கிலோ வரை இருக்கும் என்பது பொதுவான மதிப்பு. 40 யூனிட் கொள்ளும் ஒரு கார்ப் பாட்டரிக்கு 3 டன் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி வரவையும் செலவையும் சேர்த்துப் பார்க்கலாம். கிலோமீட்டருக்கு 55 கிராம் மிச்சத்தில் 3 டன் கடனை அடைக்க ஏறக்குறைய 55,000 கிலோமீட்டர் ஓடவேண்டும். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடுபவர்க்கு இது ஐந்தரை ஆண்டில் தீரும். அதன்பின் வருவதெல்லாம் லாபம். சந்தைக்கும் கலியாணத்துக்குமாக ஆண்டில் 3,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்க்கோ 18 ஆண்டு செல்லும். அதற்குள் பாட்டரியின் ஆயுள் முடிந்தாலும் முடியலாம். அதே காருக்குத் தம் கொட்டகைக் கூரையில் பதித்த சூரியத் தகட்டினின்று மின்சாரம் ஏற்றினால், ஏறக்குறைய 17,000 கிலோமீட்டரிலேயே கடன் தீர்ந்துவிடும். வண்டி ஒன்றே, மின்சாரம் வரும் வழியே அதன் நன்மையை மும்மடங்கு மாற்றுகிறது.

ஹைபிரிட் என்னும் இரட்டை விசை வண்டி 1997-ல் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது முதல் பரவி வருகிறது. பிரேக் போடும்போது வீணாகும் விசையைச் சிறு பாட்டரியில் சேமித்து, மீண்டும் ஓட்டத்துக்குக் கொடுப்பது இதன் தன்மை. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் இம்முறையில் 22 கிலோமீட்டர் ஓடினால், வெளிவரும் வாயு கிலோமீட்டருக்குச் சுமார் 127 கிராம். நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் காருக்கு இது சமமே. பாட்டரியின் கடனும் இதற்குச் சொற்பம். ஆகையால் இன்றைய நிலையில் ஹைபிரிட்டைக் குறைவாய்ப் பேசுவது நியாயமன்று. வீட்டில் மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் மற்றொரு வகை ஹைபிரிட்டின் சங்கதி வேறு. மின்சாரம் ஏற்றும் சிரமத்தை மேற்கொள்ளாமல் பெட்ரோலிலேயே பலர் ஓட்டுவதால், பரிசோதனைக் கணக்கைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு வாயு நடைமுறையில் வெளிவருவதாக ஐரோப்பிய ஆணைக்குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

ஆயினும் ஒரு பெரும் வித்தியாசத்தை மறக்கலாகாது. ஹைபிரிட் வண்டி வாங்கிய நாளில் எவ்வளவு பெட்ரோல் குடிக்கிறதோ, அவ்வளவையே தன் ஆயுள் முழுவதும் குடிக்கும். மின்சார வண்டியின் கணக்கோ, நாட்டின் மின்சாரம் சுத்தமாக ஆக, ஆண்டுதோறும் தானே இறங்கும். நார்வே தேசத்தில் மின்சாரம் அநேகமாய் முழுவதும் அருவி நீரால் உண்டாவது. அங்கே 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது வீதம் மின்சாரக் கார்களே. அங்கு இவ்வண்டியின் மேன்மை ஐயத்துக்கு இடமில்லாதது. இந்தியாவில் நிலக்கரி முதலியவை சாராத மின்நிலையங்களின் கொள்ளளவு 2025-ல் பாதியை எட்டியது. ஆனால் ஏரியின் கொள்ளளவு வேறு, அதில் நிற்கும் நீர் வேறு. சூரியன் மறைந்த பின்னும் காற்று ஓய்ந்த காலத்திலும் நிலக்கரியே கை கொடுக்கிறது.

இனி, கிராமத்தார் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது மூன்றாவது வழியாகிய சாராய எரிபொருள். கரும்பு, அரிசி, மக்காச்சோளம் இவற்றினின்று வடித்த எத்தனாலை நூற்றுக்கு 20 பங்கு பெட்ரோலில் கலக்கும் ஏற்பாடு 2025-ல் நாடெங்கும் நிறைவேறிற்று. ஆலைக் கழிவாகிய மொலாசஸிலிருந்து வடிப்பதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கரும்புச் சாற்றையே எரிபொருளாக்குவதன் கணக்கு வருமாறு: ஏக்கருக்கு 40 டன் கரும்பு, டன்னுக்கு 70 லிட்டர் எத்தனால், ஆக 2,800 லிட்டர். எத்தனாலின் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கே. ஆதலின் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் வீதம் 28,000 கிலோமீட்டர் ஓடலாம். இதற்காக அந்த ஏக்கர் குடிக்கும் நீர் சுமார் 80 லட்சம் லிட்டர். அதே ஏக்கரில் சூரியத் தகடுகள் நிறுத்தினால் ஆண்டுக்கு 3 லட்சம் யூனிட் வரை கிடைக்கும். ஏற்றும் நஷ்டம் போக, மின்சாரக் கார்கள் 18 லட்சம் கிலோமீட்டர் ஓடலாம். நீர்ச் செலவு தகடு கழுவும் அளவே. நஞ்சையில் தகடு நிறுத்த வேண்டுமென்பது இதன் பொருளன்று. கூரையும் தரிசும் இருக்கின்றன. வண்டி ஓட்டுவதற்காகக் கிணற்றை வற்றச் செய்வது மிகவும் விலையுயர்ந்த வழி என்பதே பொருள்.

யந்திரம் நல்லதாயிருந்தாலும் அதை உபயோகிக்கும் முறையால் தீங்கு வேறிடம் பெயரலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் வேலை தொடங்கியபின், கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் கவலை ஏற்றமும் எண்ணெய் எஞ்சினும் படிப்படியாய் மின்சார மோட்டாருக்கு இடம் விட்டன. மாடுகளின் பாடு குறைந்தது, புகையும் குறைந்தது. ஆனால் இறைப்பது எளிதானதும் இறைப்பும் மிகுந்தது. இன்று அதே பிரதேசத்தில் ஆழ்துளைக் கிணறுகள் 1,000 அடிக்கும் கீழே செல்கின்றன. குற்றம் மோட்டாருடையதன்று, அளவின்றி ஓட்டியதே குற்றம். மின்சாரம் மலிவு, புகையில்லை என்று தேவையற்ற வண்டிகளும் வரவரப் பருத்த வண்டிகளும் பெருகுமாயின், இங்கும் அதே கதை நேரும்.

இவற்றால் பெறப்படும் முடிவுகள் சில. நல்ல நிலையிலுள்ள பழைய காரைக் குறைவாக ஓட்டுபவர், சுற்றுப்புறத்தின் பொருட்டு அதை விற்றுப் புதிது வாங்க வேண்டியதில்லை. மிகுதியாய் ஓட்டுபவர்க்கும், பால் காய்கறி முதலியவற்றை நாள்தோறும் ஏற்றிச் செல்பவர்க்கும் மின்சார வண்டியே மேல். அதிலும் முந்த வேண்டியது இருசக்கர வண்டி: 3 யூனிட் பாட்டரி கொண்ட ஸ்கூட்டர், இன்றைய நிலக்கரி மின்சாரத்திலும் ஏறக்குறைய 9,000 கிலோமீட்டரில் தன் கடனைத் தீர்த்துவிடும். கிராமத்து வண்டி உச்சிவேளையில் நிழலில் நிற்பது வழக்கம். அந்நேரத்தில், வெயில் மின்சாரம் மிகுதியாய்க் கிடைக்கும்போதே, பாட்டரியில் ஏற்றுதல் நலம். ஓய்ந்த பாட்டரியைப் பழைய சாமான் வியாபாரியிடம் தள்ளிவிடலாகாது. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையது.

மொத்தத்தில், மின்சார வண்டி நல்ல விதை போன்றது. விதை நல்லதென்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த மண்ணில், எந்த நீரில் விளைகிறது என்பதைப் பொறுத்தே கண்டுமுதல். அந்த மண்ணையும் நீரையும், அதாவது மின்சாரத்தின் பிறப்பிடத்தை, திருத்துவதிலேயே சர்க்காரும் குடிகளும் முதற்கண் ஊக்கம் செலுத்துவது அவசியம்.