கேட்பவர் காசில் நடக்கட்டும் வானொலி

காவிரி டெல்டா வானொலி நேயர்களின் வேண்டுகோள்



ஆகாசவாணிக்கும் தூர்தர்ஷனுக்கும் ஆகும் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம், ‘வேண்டியவர்கள் சந்தா கட்டிக்கொள்ளட்டும்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. கட்ட முடிந்த ஒவ்வொரு வீடும் சிறு தொகை ஒன்றைக் கட்ட வேண்டும், அது சட்டப்படி கட்டாயமாக இருக்க வேண்டும் என்கிறோம். விலைவாசி விற்கிற விலையில் இதைக் கேட்கிறோம் என்பது தெரியும். தெரிந்தேதான் கேட்கிறோம்.

மூத்தவர்களுக்கு ரேடியோ லைசென்ஸ் நினைவிருக்கும். பாஸ்புத்தகம் மாதிரி ஒரு சின்னப் புத்தகம். தபாலாபீசில் வருஷத்துக்கு 15 ரூபாய் கட்டினால் அதில் வில்லை ஒட்டி முத்திரை குத்துவார்கள். 1985-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதன்பின் ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் பெரும்பாலும் மத்திய அரசின் பணத்தையும் விளம்பரத்தையும் நம்பியே ஓடுகின்றன. இவ்விரண்டையும் நடத்தும் நிறுவனமான பிரசார் பாரதிக்கான சட்டம் 1990-இல் நிறைவேறி, 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். லைசென்ஸ் கட்டணம் ‘ஏதும் வசூலானால்’ அந்தத் தொகையை அரசு இந்த நிறுவனத்துக்குத் தரலாம் என்று இன்றும் அதில் இருக்கிறது. கட்டணம் போய்விட்டது, அதற்கான இடம் மட்டும் சட்டத்தில் காலியாகக் கிடக்கிறது.

சந்தா ஏன் கூடாது? 2018 நவம்பர் 16 விடியுமுன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தென்னை சாய்ந்து தெருவை அடைத்துக் கிடந்தது. கரன்ட் இல்லை, டவர் இல்லை, கையிலிருந்த செல்போன் வெறும் டார்ச் லைட். பல ஊர்களில் வாரக்கணக்கில் விளக்கு எரியவில்லை. இரண்டு பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் மட்டும் பேசியது. அதைச் சுற்றி ஒரு தெருவே நின்று கேட்டது. அந்தக் கூட்டத்தில் சந்தா கட்டியவர் யார், கட்டாதவர் யார் என்று பிரிக்க முடியுமா? கடலுக்குப் போகும் மீனவருக்குச் சொல்லும் வானிலை எச்சரிக்கை, சந்தா தீர்ந்த படகுக்குக் கேட்காமல் போகலாமா?

இன்னொன்று. சந்தாவை நம்பும் நிலையம் சந்தா கட்டுகிறவர்களைத் தேடித்தான் போகும். முதலில் கைவிடப்படுவது வேளாண் நிகழ்ச்சியாகத்தான் இருக்கும். எங்கள் தஞ்சைச் சீமையில் 1960-களில் ஆடுதுறை 27 என்ற புது நெல் வந்தது. விதைப்பு, உரம், நடவு எல்லாவற்றையும் திருச்சி வானொலி வழியாகவே விவசாயிகள் தெரிந்துகொண்டார்கள். அதனால் அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வந்தது. அந்த நிகழ்ச்சியைக் கேட்ட குத்தகைக்காரரிடம் மாதச் சந்தா கேட்டிருந்தால் அந்த நெல் எத்தனை வயலுக்குப் போயிருக்கும்?

‘நான் கேட்பதே இல்லை, நான் ஏன் கட்ட வேண்டும்?’ நியாயமான கேள்வி. சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்? 1948-இல் சென்னை மாகாணம் போட்ட நூலகச் சட்டத்தின் வழி வந்தது அது. நூலகப் படியே ஏறாதவரும் கட்டுகிறார். அந்தக் காசில்தான் எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள் படித்து மேலே வந்தார்கள். அதே நூலக வரியில் ஒரு பாடமும் உண்டு. வசூலித்த உள்ளாட்சிகள் பல அதை நூலகத்துக்குக் கொடுக்காமல் பாக்கி வைத்தன. ஆகவே ஒலிபரப்புக் கட்டணம் யார் கையிலும் தங்காமல் நேரே நிறுவனத்துக்குப் போக வேண்டும்.

‘அரசாங்கத்தின் ஊதுகுழலுக்கா காசு?’ என்பார்கள். எங்களுக்கும் அந்தக் கோபம் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில் வானொலி என்ன பேசியது என்பதைக் கேட்டவர்கள் எங்களில் இருக்கிறார்கள். தனியார் எஃப்.எம்.கள் தாமாகச் செய்தி தயாரிக்க முடியாத நாட்டில், ரேடியோச் செய்தி என்றால் ஆகாசவாணிதான். அதன் சம்பளமே அரசு தரும் பணம் என்றால் அது யாரைப் பார்த்துப் பேசும்?

கட்டணம் வந்துவிட்டால் மட்டும் போதாது. பிரிட்டனில் தொகையை அரசே நிர்ணயிக்கிறது. 2022-இலிருந்து இரண்டு ஆண்டு 159 பவுண்டிலேயே நிறுத்தி வைத்து பிபிசியை நெருக்கியது. ஜெர்மனியில் எவ்வளவு தேவை என்பதை ஒரு சுயேச்சையான ஆணையம் கணக்கிடுகிறது. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்ற உயர்வை ஒரு மாநிலம் முடக்கியபோது, 2021-இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தியது. நமக்கும் அந்த வழியே வேண்டும்.

எங்கள் யோசனை இது: மாதம் 10 ரூபாய், இரண்டு மாத மின்கட்டணத்தோடு 20 ரூபாய். இலவச 100 யூனிட்டுக்குள் முடிக்கும் வீடுகளுக்கும் குடிசைகளுக்கும் முழு விலக்கு. தொகையை அமைச்சகம் அல்ல, தனி ஆணையம் நிர்ணயிக்க வேண்டும். நிலையம் வாரியாக வரவு செலவு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். இந்த நிபந்தனைகள் இல்லாமல் கட்டணம் கொண்டுவந்தால் முதலில் எதிர்ப்பவர்களும் நாங்களே.

அடுத்த கிராம சபைக்கு வாருங்கள். இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். வாசித்ததோடு விடாமல், பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். நகரத்தில் இருப்பவர்கள் தங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள், 17-ஆம் பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் சபையில் எழுந்து சொல்லுங்கள், பதில் சொல்ல நாங்கள் அங்கே இருப்போம்.