யாருக்குப் பிடித்த குணம்?

2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இருவர் நின்றார்கள். டீக்கடையில் ஒருவரைப் பற்றி, "தங்கமான குணம், அதிர்ந்துகூடப் பேசாது" என்றார்கள். மற்றவரைப் பற்றி, "வாய் நீளம், எதுக்கெடுத்தாலும் கோபம், தலைவர் பதவிக்குச் சரிப்படாது" என்றார்கள்.

அவர் கோபப்பட்டதை நானும் பார்த்திருக்கிறேன். நூறு நாள் வேலையில் கூலி பாக்கி நின்றபோது ஒன்றிய அலுவலகத்தில் சத்தம் போட்டார். சேரிக்குக் குடிநீர் வராதபோது காலிக் குடத்தோடு சாலையில் உட்கார்ந்தார். இதையெல்லாம் டீக்கடையில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் தோற்றார். 'தங்கமான குணம்' வென்றது. ஊராட்சி அலுவலகச் சாவி மட்டும் பழைய தலைவர் வீட்டிலேயே தொங்கியது.

அப்படியானால் வேட்பாளரின் குணம் முக்கியமில்லையா? முக்கியம்தான். எளியவர் மீது கை ஓங்குகிறவரிடமும், ஒரு கேள்வியைக்கூடப் பொறுக்காதவரிடமும் அதிகாரத்தைக் கொடுப்பது ஆபத்து. ஆனால் எது நல்ல குணம் என்று தீர்ப்புச் சொல்கிறவர் யார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டன. 2006 வரை அங்கே ஒரு தலைவரால் நிலைத்து வேலை செய்ய முடியவில்லை. ஒன்று, மனுத் தாக்கல் செய்ய ஆளிருக்காது. அல்லது, ஆதிக்கச் சாதியினர் நிறுத்தி வென்றவர் பதவியேற்ற கையோடு விலகுவார். அவர்கள் தேடிய ஒரே தகுதி பணிவுதான்.

அந்தப் பணிவைக் காட்ட மறுத்துத் தலைவரானவர் மேலவளவு முருகேசன். 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து அவரோடு சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். அவர் யாரையும் ஏசவில்லை. தனக்குரிய நாற்காலியில் உட்கார நினைத்தார், அவ்வளவுதான். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான பட்டியல் சாதிப் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். ஒடுக்கப்பட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தாலே திமிர் என்று சொல்லும் ஊரில், பொறுமைசாலி என்ற பாராட்டுக்கு என்ன பொருள்?

ஆகவே, கோபம் வருமா என்று கேட்டால் போதாது. யார் மீது வரும், எதற்காக வரும் என்று கேட்போம். தூய்மைப் பணியாளரை எப்படி அழைக்கிறார்? கிராம சபையில் ஒரு பெண் எழுந்து கணக்குக் கேட்டால் பதில் சொல்கிறாரா, மிரட்டுகிறாரா? காவல் நிலையத்தில் நமக்காகக் குரல் உயர்த்துவாரா?

இந்தக் கேள்விகளுக்கு நம் பக்கத்து வேட்பாளர்களும் விலக்கல்ல. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு, கீழே இறங்கியதும் கொடி கட்டும் இளைஞரை ஒருமையில் விரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். 'நம்ம ஆள்தானே' என்று கடந்து போனால் நாமும் அதே தவறைத்தான் செய்கிறோம்.

2019இல் தேர்வானவர்களின் பதவிக் காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தலில் அந்த அக்கா மீண்டும் நின்றால், அதே டீக்கடையில் இந்த முறை நான் வாய் திறப்பேன். ஆமாம், அவருக்குக் கோபம் வரும். நமக்குத் தண்ணீர் வராதபோது வரும்.